அளவறிந்து உரமிடுதல்

உழவுத் தொழில் உலகத் தொழில்களுக்கெல்லாம் தாய் போன்றது. நாம் உண்ணும் சோறும் உடுக்கும் பருத்தியும் மண்ணிலிருந்தே வருகின்றன. ஆயினும் மண் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அன்று. அஃது ஒரு களஞ்சியத்தை ஒப்பது. போட்டு எடுத்தால் நிலைக்கும். போடாமலே எடுத்துக்கொண்டிருந்தால் ஒருநாள் அதன் அடித்தளம் தோன்றிவிடும். களஞ்சியத்தின் கொள்ளளவுக்கு மேலே கொட்டினாலோ, வெளியே சிந்தி வீணாகும். நிலத்திற்கு உரமிடுதலும் இத்தகையதே.

இக்காலத்தில், 'யூரியாவைக் குறைக்க வேண்டும்; அது மண்ணைக் கெடுக்கிறது' என்று ஒரு சாரார் கூறுகின்றனர். 'யூரியாவைக் குறைத்தால் விளைச்சல் விழுந்துவிடும். பின்பு கடனை எவ்வாறு அடைப்பது?' என்று மற்றொரு சாரார் அஞ்சுகின்றனர். இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எவ்வளவு குறைக்கலாம், எவ்வாறு குறைக்கலாம் என்பதை அறிந்தால் இவ்வழக்குத் தீர்ந்துவிடும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து வயல்களைக் கண்முன் நிறுத்தி, இதனைச் சிறிது ஆராய்வோம்.

நிலமும் பயிரும்

பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993ஆம் ஆண்டில் பிரிந்தது விழுப்புரம் மாவட்டம். 2019ஆம் ஆண்டில் அதனினின்றும் கள்ளக்குறிச்சி மாவட்டம் தனியே பிரிந்தது. தெற்கே தென்பெண்ணையாறும், நடுவே செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணியாறும் இந்நிலத்தை நனைக்கின்றன. வீடூர் அணையும், ஊர்தோறும் உள்ள ஏரிகளும், கிணறுகளும் பாசனம் அளிக்கின்றன. சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் பருவங்களில் நெல் விளைகின்றது. புன்செய்களில் நிலக்கடலையும் உளுந்தும் எள்ளும் விளைகின்றன. கரும்பும் இங்குப் பெரும்பயிரே. கிழக்கே மரக்காணம் பக்கத்துக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் ஓங்கி நிற்கின்றன.

நிலக்கடலையை இப்பகுதி மக்கள் 'மல்லாட்டை' என்று வழங்குவர். மணிலாக்கொட்டை என்பதே பேச்சில் திரிந்து மல்லாட்டை ஆயிற்று. கடல் கடந்து வந்த அப்பயிர் இம்மண்ணில் வேரூன்றிய சிறப்பினை, திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் எடுத்துக்காட்டும். இந்திய நாடெங்கும் உழவர் அறிந்த டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 முதலிய நிலக்கடலை வகைகள் அங்கு உருவானவையே. அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன.

இம்மாவட்டத்தில் செம்மண் நிலம் மிகுதி. செம்மண் கடலைக்கு உகந்தது. வேரும் காயும் எளிதில் இறங்க இடந்தருவது. ஆனால் அதில் மக்கு குறைவு. மணற்பாங்கான இடங்களில் இட்ட சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆற்றலும் குறைவு. ஒரு ஹெக்டேரில் பயிருக்குக் கிடைக்கக்கூடிய தழைச்சத்து 280 கிலோவுக்குக் கீழே இருந்தால், மண்ணாய்வாளர் அந்நிலத்தைத் தழைச்சத்துக் குறைந்த நிலம் என்பர். செம்மண் புன்செய்களுள் பல இவ்வகையைச் சார்ந்தவை. இத்தகைய நிலத்தில் உரத்தைக் குறைப்பது எளிதான செயல் அன்று. அறிந்து செய்யவேண்டிய செயலாகும்.

தழைச்சத்தின் இயல்பு

பயிருக்கு வேண்டும் பேரூட்டங்கள் மூன்று. அவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து என்பன. இலையும் தண்டும் தழைப்பதற்கு உதவுவது தழைச்சத்து. அதனை நைட்ரஜன் என்பர் அறிவியலார். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜனே. ஆயினும் நெற்பயிர் அதனை நேரே உண்ண இயலாது. கடல்நடுவே நிற்பவன் தாகத்தால் வாடுவது போன்றது அதன் நிலை. காற்றில் உள்ள நைட்ரஜன் மண்ணில் உப்பாக மாறிய பின்னரே பயிர் அதனை உறிஞ்சும்.

இவ்வாறு மாற்றித் தரும் வல்லமை உயிரினங்களுள் சில நுண்ணுயிர்களுக்கே உண்டு. மனிதன் அதனைக் கற்றது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஜெர்மனி நாட்டு அறிஞர் ஃபிரிட்ஸ் ஹேபர், காற்றில் உள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அமோனியா ஆக்கும் வழியை 1909ஆம் ஆண்டில் செய்து காட்டினார். கார்ல் போஷ் என்பார் அதனைப் பெருந்தொழிலாக வளர்த்தார். 1913ஆம் ஆண்டில் அந்நாட்டில் முதல் ஆலை இயங்கியது. அதுமுதல் செயற்கை உரம் உலகெங்கும் பரவியது. நம் தென்னார்க்காட்டிலும், 1960களில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு யூரியா ஆக்கும் ஆலை தோன்றியது. பின்னாளில் அவ்வாலை மூடப்பட்டது.

அதே காலத்தில் குட்டை நெல் வகைகள் வந்தன. 1966ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.ஆர். 8 அவற்றுள் புகழ்பெற்றது. பழைய நெட்டை நெல் வகைகளுக்கு உரத்தை மிகுதியாக இட்டால் தாள் நீண்டு சாய்ந்துவிடும். குட்டை வகைகளோ நிமிர்ந்து நின்று, இட்ட உரத்தைக் கதிராக மாற்றின. பஞ்சத்தை எண்ணி நடுங்கிய நாடு வயிறார உண்டது. யூரியாவைப் பழிப்போர் இந்நன்றியை மறத்தல் ஆகாது.

கணக்குப் பார்ப்போம்

யூரியாவில் நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு தழைச்சத்து உண்டு. இன்று விற்கும் மூட்டை 45 கிலோ எடையுள்ளது. அதில் ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து அடங்கும். மண்ணை ஆய்ந்து பாராத இடத்தில், நடுத்தர வயதும் நீண்ட வயதும் உடைய நெல் வகைகளுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கின்றது. ஏக்கர் அளவில் கூறினால் இது 60 கிலோ. அதாவது மூன்று மூட்டை யூரியா.

இனி, பயிரின் தேவையைக் காண்போம். ஒரு டன் நெல் விளைவதற்குப் பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்தை உறிஞ்சுகின்றது. ஓர் ஏக்கரில் 2 டன் நெல் விளைந்தால், பயிர் உண்டது 30 முதல் 40 கிலோ வரை ஆகும். நாம் இட்டதோ 60 கிலோ. அப்படியாயின் பயிர் உண்டதெல்லாம் நாம் இட்டதுதானா? அன்று. நீர் நிறைந்த நெல்வயலில் இடும் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே பெரும்பாலும் பயிரைச் சேர்கின்றது. 60 கிலோவில் 20 கிலோவே பயிருக்கு. எஞ்சிய பங்கினைத் தன் மக்கிலிருந்து மண்ணே தந்தது.

மிகுந்த 40 கிலோ எங்கே சென்றது? அதில் ஒரு பகுதி அமோனியா ஆவியாகிக் காற்றில் கலந்தது. ஒரு பகுதி நைட்ரேட்டாகி நீரோடு கீழே இறங்கிற்று. மற்றொரு பகுதியை நீர்ப்பிடிப்பில் வாழும் நுண்ணுயிர்கள் மீண்டும் காற்றாக்கிவிட்டன. சிறு பகுதி மண்ணில் தங்கியது.

இக்கணக்கு ஒரு பேருண்மையை உணர்த்துகின்றது. குறைக்க வேண்டியது பயிர் உண்ணும் 20 கிலோவை அன்று. பயிருக்கும் நமக்கும் பயன்படாமல் ஒழுகிப்போகும் 40 கிலோவையே குறைக்க வேண்டும். ஒழுக்கினை அடைக்காமல் உரத்தைப் பாதியாக வெட்டிவிட்டால், பயிருக்குச் செல்வதும் பாதியாகும். 20 கிலோவுக்கு மாறாக 10 கிலோவே கிடைக்கும். அப்போது ஏக்கருக்கு அரை டன் நெல் குறைந்தாலும் வியப்பில்லை. ஆனால் காலமறிந்தும் இடமறிந்தும் இட்டு, நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு பயிரைச் சேருமாறு செய்துவிட்டால், 45 கிலோ தழைச்சத்திலேயே அதே 20 கிலோ கிடைத்துவிடும். கால் பங்கு உரம் மிச்சம். நெல்லோ ஒரு மணியும் குறைவதில்லை.

மிகுதியால் வரும் கேடு

'அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தும் நஞ்சு' என்பது பழமொழி. தழைச்சத்து மிகுந்த நெற்பயிர் பார்ப்பதற்குக் கருகருவென்று செழித்து நிற்கும். அவ்வழகைக் கண்டு மயங்கும் உழவர் பலர். ஆனால் அப்பயிரின் திசு மென்மையானது. குலைநோய் அதனை எளிதில் பற்றும். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் அதனையே நாடி வரும். வெள்ளைப் பொன்னி போன்ற மெல்லிய தாளுடைய நெல், கதிர் முற்றும் வேளையில் காற்றுக்கும் மழைக்கும் ஆற்றாமல் சாய்ந்துவிடும். பூச்சிக்குத் தெளிக்கும் மருந்துச் செலவு வேறு சேரும்.

பக்கத்துக் கிணறுகளுக்கும் இதனால் தீங்கு உண்டு. மணற்பாங்கான நிலத்தில் நைட்ரேட் விரைவாகக் கீழிறங்கும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தல் கூடாது என்பது நம் நாட்டு வரையறை. அதற்கு மேற்பட்ட நீர் கைக்குழந்தைகளின் குருதியைக் கெடுக்கும். வயலிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயு, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் ஆற்றல் உடையது. ஓர் ஊர் வயலில் வீணாகும் உரம் உலகின் வானிலையையும் தீண்டுகின்றது.

மற்றொரு கேடும் உண்டு. 2010ஆம் ஆண்டில் மைய அரசு உர மானிய முறையை மாற்றியமைத்தபோது யூரியாவை அம்முறைக்குள் சேர்க்கவில்லை. அதனால் மணிச்சத்து, சாம்பற்சத்து உரங்களின் விலை ஏறிற்று; யூரியாவின் விலை மட்டும் தாழ்ந்தே நின்றது. மலிவானதை மிகுதியாகவும் விலை மிகுந்ததைக் குறைவாகவும் இடுவது மக்கள் இயல்பு. இவ்வாறு ஒருசார்பாக உரமிட்டால், தழைச்சத்தின் உந்துதலால் வளரும் பயிர், மண்ணில் உள்ள மணிச்சத்தையும் சாம்பற்சத்தையும் துத்தநாகத்தையும் சுரண்டிவிடும். மண் மெல்ல மெல்ல வறுமையுறும்.

நீண்ட ஆய்வுகள் கூறுவன

மண்வளம் ஓராண்டில் பெருகுவதும் அன்று. ஓராண்டில் அழிவதும் அன்று. ஆகவே அதனை அறிய நீண்டகால ஆய்வு வேண்டும். இங்கிலாந்து நாட்டு ரோதம்ஸ்டெட் என்னும் இடத்தில் 1843ஆம் ஆண்டு தொடங்கிய கோதுமை ஆய்வு இன்றும் நடைபெறுகின்றது. நம் கோயமுத்தூரிலும் 1909ஆம் ஆண்டு தொடங்கிய நிலையான உர ஆய்வு நூறாண்டு கண்டது. 1970ஆம் ஆண்டில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய ஆய்வுகளைத் தொடங்கிற்று.

அவற்றால் தெளிவாகிய உண்மைகள் சில. ஓர் உரமும் இடாத பாத்தி முற்றிலும் மலடாவதில்லை. ரோதம்ஸ்டெட்டில் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக உரம் காணாத பாத்தியும் ஹெக்டேருக்கு ஒரு டன் அளவில் கோதுமை தந்துகொண்டிருக்கின்றது. ஆனால் அது வறியவன் விளைச்சல்; உரமிட்ட பாத்திகள் அதனைப்போலப் பன்மடங்கு தருகின்றன. தழைச்சத்தை மட்டும் இட்ட பாத்திகளிலோ, தொடக்கத்தில் விளைச்சல் உயர்ந்து, பின்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் தாழ்ந்தது. புளிப்புத்தன்மை மிகுந்த சில மலைநாட்டு மண்களில் பயிரே நில்லாத நிலையும் நேர்ந்தது. மூன்று சத்துகளையும் அளவாக இட்டு, தொழுவுரமும் சேர்த்த பாத்திகளிலேயே விளைச்சல் நிலைத்து நின்றது. மண்ணின் மக்கும் பெருகிற்று.

எனவே, மண்ணைக் கெடுப்பது யூரியா என்பதும் முழு உண்மை அன்று. மண்ணைக் காப்பது யூரியா என்பதும் முழு உண்மை அன்று. துணையின்றித் தனியே வரும் யூரியா கெடுக்கும். மக்கோடும் மற்றச் சத்துகளோடும் கூடி அளவாக வரும் யூரியா காக்கும்.

இரு நாடுகள் தரும் பாடம்

அண்மைக் காலத்தில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் நம் கருத்துக்கு விளக்கம் தருவன.

நம் அண்டை நாடாகிய இலங்கையில், 2021ஆம் ஆண்டு மே மாதம் செயற்கை உரங்களின் இறக்குமதிக்கு அரசு தடை விதித்தது. நாடு முழுவதும் ஒரே வீச்சில் இயற்கை வேளாண்மைக்கு மாறவேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நன்றே. ஆனால் அத்தனை நிலத்திற்கும் வேண்டிய தொழுவுரமோ தழையோ கூட்டெருவோ நாட்டில் இல்லை. தமிழர் வாழும் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள வயல்களிலும், மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் உழவர் திகைத்தனர். அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே அரசு தடையை நீக்கிற்று. எனினும் அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது, தேயிலையும் குறைந்தது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு வெளிநாட்டு அரிசியை நாடவேண்டியதாயிற்று. உரக்குறைவோடு அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் சேர்ந்து மக்களை வருத்திற்று.

இதற்கு மாறானது சீன நாட்டு நிகழ்ச்சி. அங்கு 2005 முதல் 2015 வரை, ஏறத்தாழ இரண்டு கோடியே பத்து இலட்சம் சிறு உழவர்களிடம் ஆய்வாளரும் வேளாண்மை அலுவலரும் சென்று பழகினர். அவ்வவ் வட்டாரத்து மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ற விதையையும் நடவு நெருக்கத்தையும் உர அளவையும் கற்பித்தனர். நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகிய பயிர்களில் தழைச்சத்து நூற்றுக்குப் பதினைந்து முதல் பதினெட்டுப் பங்கு வரை குறைந்தது. விளைச்சலோ நூற்றுக்குப் பதினொரு பங்கு அளவில் உயர்ந்தது. 2018ஆம் ஆண்டில் இம்முடிவுகள் வெளியாயின.

இரு நாடுகளும் குறைக்கவே முயன்றன. ஒன்று ஆணையால் குறைத்தது; மற்றொன்று அறிவால் குறைத்தது. ஒன்று ஒரே வீச்சில் முடிக்க எண்ணியது. மற்றொன்று பத்தாண்டு பொறுத்தது. வேறுபாடு அவ்வளவே. ஆயினும் ஒன்றில் உழவன் அழுதான், மற்றொன்றில் மகிழ்ந்தான்.

குறைக்கும் வழிகள்

நம் வயல்களில் தழைச்சத்தை எவ்வாறு குறைக்கலாம்? முதற்கண் மண்ணைச் சோதித்து அறிதல் வேண்டும். நோயறியாமல் மருந்து கொடுக்கும் மருத்துவன் உண்டா? வயலின் பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து, மண் ஆய்வு நிலையத்திற்கு அனுப்பினால், எச்சத்து எவ்வளவு குறைவு என்பது தெரியும். 2015ஆம் ஆண்டு முதல் மண்வள அட்டை வழங்கும் திட்டமும் நம் நாட்டில் உள்ளது.

இரண்டாவது, காலமறிந்து இடுதல். உரத்தை ஒரே முறையில் கொட்டாமல், நடவுக்குப் பின்னும், தூர் வெடிக்கும் பருவத்திலும், கதிர் உருவாகும் பருவத்திலும், கதிர் வெளிவரும் பருவத்திலும் பகுத்து இடுதல் நன்று. பயிரின் பசியை அறிய 'இலை வண்ண அட்டை' என்னும் எளிய கருவி உண்டு. அதில் வெளிர் பச்சை முதல் கரும்பச்சை வரை பல நிறப்பட்டைகள் இருக்கும். நட்ட பதினான்காம் நாள் முதல், பூக்கும் வரையில், வாரம் ஒருமுறை காலை வேளையில், பத்துப் பயிர்களின் விரிந்த இளம் இலைகளை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்தில் ஆறு இலைகளேனும் குறித்த எண்ணுக்குக் கீழ் வெளிறியிருந்தால் மட்டும் உரமிடலாம். அவ்வெண் வெள்ளைப் பொன்னிக்கு 3. ஏனைய வகைகளுக்கு 4. இலை போதும் என்னும்போது இடாதிருத்தலே சிக்கனம்.

மூன்றாவது, கரைந்தோடாமல் தடுத்தல். யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு பங்கு, வேப்பம் பிண்ணாக்கு ஒரு பங்கு எனக் கலந்து ஓரிரவு வைத்திருந்து இட்டால், அது மெல்லக் கரையும். வேம்பின் பயனை உணர்ந்தே 2015ஆம் ஆண்டு முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேம்பு பூசப்பட்டு வருகின்றது. நிறைந்த நீரில் உரத்தை வீசாமல், நீரை வடித்துவிட்டு இடுதலும் நன்று.

நான்காவது, பசுந்தாள் உரம். தக்கைப்பூண்டு, சணப்பு, கொளிஞ்சி, மணிலா அகத்தி முதலியவற்றை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது நம் முன்னோர் கண்ட முறை. ஹெக்டேருக்கு ஆறேகால் டன் பசுந்தழை இடுக என்பர். ஈரத்தோடு கூடிய அத்தழையில் நூற்றுக்கு அரைப் பங்கே தழைச்சத்து எனக் கொண்டாலும், 30 கிலோவுக்குக் குறையாது. வைக்கோலை மட்டும் பச்சையாக உழுதுவிட்டு உடனே நடுதல் கூடாது. அதனை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தம் உணவுக்காக மண்ணில் உள்ள தழைச்சத்தைப் பற்றிக்கொள்ளும். பயிர் சிலகாலம் மஞ்சளித்து நிற்கும். மட்கியபின் இடுவதே முறை.

ஐந்தாவது, பயிர்ச்சுழற்சி. இதில் நம் மல்லாட்டைக்குத் தனிப்பெருமை உண்டு. மாணவர்களே, கடலைக் கொல்லைக்குச் செல்லும்போது, உழவரின் இசைவு பெற்று, பூத்து நிற்கும் ஒரு செடியை மண்ணோடு மெல்லப் பெயர்த்துப் பாருங்கள். வேரில் சிறுசிறு முடிச்சுகள் காணப்படும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அங்கே ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைச் சத்தாக மாற்றிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அந்நிறமே அடையாளம். இவ்வுதவி இருத்தலின், இறவைக் கடலைக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ அளவில் தழைச்சத்து இட்டாற் போதும். நெல்லுக்கு இடுவதில் ஆறில் ஒரு பங்கு. மேலும் இட்டால் முடிச்சுகள் குறையும், கொடி தழைக்கும், காய் சிறுக்கும். உளுந்தும் இத்தகையதே. மரக்காணத்துச் சவுக்கு மணலிலும் செழிப்பதற்கு, அதன் வேரில் வாழும் ஃபிராங்கியா என்னும் மற்றொரு நுண்ணுயிரே துணை.

ஆயினும் ஒன்று நினைவிற்கொள்ள வேண்டும். கடலை தேடிய தழைச்சத்தில் பெரும்பகுதி பருப்பிலேயே சென்றுவிடும். கொடியை மாடு தின்ன, அம்மாட்டுச் சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிந்தால், நிலத்திற்கு மீள்வது யாது? கொடி மாட்டுக்கும், சாணம் எருக்குழிக்கும், எரு கொல்லைக்கும் சென்றால்தான் சுழற்சி நிறைவுறும். அறுவடைக்குப்பின் வயலில் ஆட்டுக்கிடை போடுதலும், கோடையில் ஏரி வண்டலை எடுத்து நிலத்தில் பரப்புதலும் இச்சுழற்சியின் பகுதிகளே. இவை குன்றிய பின்னரே யூரியா மூட்டையின் எண்ணிக்கை ஏறிற்று. ஆதலின் மூட்டையைக் குறைக்க விரும்புவோர் முதலில் எருக்குழியை நிரப்புதல் வேண்டும்.

முன்னோர் நோக்கு

திருவள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்தில், உழுத மண்ணை நான்கில் ஒரு பங்காகும்படி காயவிட்டால் சிறிதளவு எருவும் இல்லாமலே பயிர் செழிக்கும் என்கிறார். அதற்கு அடுத்த குறளிலேயே, உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்று கூறுகின்றார். இவை ஒன்றோடொன்று முரணுமோ எனச் சிலர் ஐயுறுவர். அறிவியல் இவ்வையத்தைத் தீர்க்கின்றது. நன்கு காய்ந்த மண் மழையில் மீண்டும் நனையும்போது, நுண்ணுயிர்கள் விழித்தெழுந்து மக்கைச் சிதைத்துத் தழைச்சத்தை வெளிப்படுத்துகின்றன. 1958ஆம் ஆண்டில் பிர்ச் என்னும் அறிஞர் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். எனவே முதற்குறள் மண்ணில் உள்ள செல்வத்தை எடுக்கும் வழியைக் கூறுகின்றது என்றும், அடுத்த குறள் எடுத்த செல்வத்தை மீண்டும் வைக்கும் வழியைக் கூறுகின்றது என்றும் கொள்ளலாம். எடுப்பதைக் கற்பித்த உடனே வைப்பதைக் கற்பித்த முறைமை போற்றத்தக்கது.

முடிவுரை

தழைச்சத்து உரத்தைக் குறைத்தல் இயலும், குறைத்தல் நன்றுமாகும். ஆனால் அதனை ஒரே நாளில் துணிதல் ஆகாது. இவ்வாண்டு வயலின் ஒரு மூலையில் கால் பங்கு குறைத்து, எருவும் பசுந்தாளும் சேர்த்து, விளைச்சலை அளந்து பார்க்கலாம். அடுத்த ஆண்டு அதனை விரிக்கலாம். மண்ணில் மக்கு பெருகப் பெருக, உர மூட்டை தானே குறையும். பெரிய பண்ணையார் ஒரு பருவம் இழந்தாலும் தாங்குவர். ஓர் ஏக்கர் உழவன் ஒரு பருவம் இழந்தால் அவன் இல்லத்தில் அடுப்பு எரியாது. அவனுக்கு அறிவுரை கூறுவோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

மண் நாம் நம் தந்தையரிடமிருந்து பெற்ற செல்வம் மட்டும் அன்று. நம் மக்களுக்குத் திருப்பித் தரவேண்டிய கடனுமாம். அளவறிந்து இடுவோம், இட்டது வீணாகாமல் காப்போம், எடுத்ததை மீண்டும் மண்ணுக்கு அளிப்போம். அதுவே மண்ணும் மக்களும் ஒருங்கே வாழும் வழியாகும்.

வினாக்கள்

1. மண்ணைக் களஞ்சியத்தோடு ஒப்பிடுவது ஏன்?

2. ஓர் ஏக்கர் நெல்வயலில் இடும் 60 கிலோ தழைச்சத்து எவ்வாறெல்லாம் செலவாகின்றது?

3. இலங்கையும் சீனமும் உரத்தைக் குறைத்த முறைகளை ஒப்பிட்டு எழுதுக.

4. நிலக்கடலைக்குத் தழைச்சத்து குறைவாகவே போதும். காரணம் யாது?

5. 'எருக்குழியை நிரப்பினால் உர மூட்டை குறையும்' என்னும் பொருளில் ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.

6. உங்கள் ஊரில் விளையும் பயிர்களையும், அவற்றுக்கு உழவர் இடும் உரங்களையும் கேட்டறிந்து அட்டவணையாக எழுதுக.